அக்கா கையால் முதல் கல்

எங்க வீட்டுல எது ஆரம்பிச்சாலும் அக்கா கைதான் முதல்ல படணும். புது அடுப்பு வாங்கினா அக்கா பத்த வைக்கணும். புள்ளைங்களுக்குப் புது நோட்டு வந்தா முதல் பக்கத்துல அக்கா பேர் எழுதித் தரணும். என் புருஷன் புதுசா ஸ்கூல் வேன் எடுத்தப்போ, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அக்காவை டிரைவர் சீட்டுல உக்கார வச்சு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தாரு. ஏன்னு கேட்டா, "அக்கா கைராசி உனக்கு என்ன தெரியும்?"னு என் வாயை அடைப்பாரு. அந்தக் கைராசிக்காரங்களுக்குன்னு அந்த வீட்டுல ஒரு அலமாரிகூட கிடையாது. அவங்க துணியெல்லாம் பெட்டியில, பெட்டி கட்டிலுக்கு அடியில. இது எனக்குத்தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. மருமகளா வந்தவ கண்ணு அப்படித்தான், சும்மா இருக்காது.

அக்கான்னா என் புருஷனோட அக்கா. எனக்கு நாத்தனார். ஆனா வீட்டுல எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. என் புருஷன், அவர் தம்பி, நான், என் ஓரகத்தி, கடைசியில என் புள்ளைங்களும் அத்தைன்னு கூப்பிடாம அக்கான்னே ஆரம்பிச்சுட்டாங்க. திருத்திப் பாத்து அலுத்துப் போய் விட்டுட்டேன்.

நாத்தனார் கொடுமை சொல்லத்தான் இவ உக்காந்திருக்கான்னு நினைச்சுடாதீங்க. எனக்கு வாய்ச்ச நாத்தனார் எதுக்கெடுத்தாலும் "சரி"ன்னு சொல்ற ஜென்மம். தம்பி பின்கட்டு ரூமுக்குப் போகச் சொன்னா சரி. தண்ணி மோட்டாரை அந்த ரூம் ஓரத்துலயே வைக்கறேன்னா அதுக்கும் சரி. மோட்டார் ஓடினா அந்த ரூம்ல பக்கத்துல இருக்கறவங்க பேசறதுகூட காதுல விழாது. நான்தான் கத்துவேன். அக்கா சிரிச்சுக்கிட்டே, "விடும்மா, நான் பகல் பூரா மெஷின் சத்தத்துலதானே இருக்கேன், பழகிடுச்சு"ன்னு சொல்வாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அவங்க அம்மா போனப்போ சின்னவர் நடக்கக்கூட ஆரம்பிக்கலையாம். சின்னவர்னு நான் சொல்றது என் கொழுந்தனை. அக்கா அப்ப பள்ளிக்கூடம் போற பொண்ணு. இடுப்புல ஒரு தம்பி, கையில ஒரு தம்பின்னு ரெண்டு பேரையும் ஆளாக்கினாங்க. அப்பா லாரி டிரைவர். பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டாரு. அக்கா படிப்பைத் தட்டுத் தடுமாறி முடிச்சு பெரிய ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்தாங்க. அப்பா சேத்து வச்ச காசும் அக்கா சம்பளமும் சேந்து தரைத்தளம் எழும்புச்சு. வீடு முடிஞ்ச கொஞ்ச நாள்ல அப்பாவும் போயிட்டாரு. தம்பிங்க சின்னப் பசங்க, அதனால வீடு அக்கா பேருக்கு மாறுச்சு. அவங்களுக்குக் கல்யாணப் பேச்சு வந்துச்சு, போச்சு. ஒருத்தர் தம்பிங்களை விட்டுட்டு வரணும்னாரு, இன்னொருத்தர் வீட்டை எழுதித் தரணும்னாரு. அதுக்கப்புறம் பேச்சு வரலை.

தம்பிங்க வளந்தப்புறமாவது பேரை மாத்தியிருக்கலாம். மாத்தலை. அது பாசத்துலன்னு நினைச்சு நான் கல்யாணமான புதுசுல உருகிப் போயிருக்கேன். அப்புறம் ஒரு நாள் என் புருஷனே சொன்னாரு. "வேன் கடன்ல நான் மாட்டினா வீட்டுக்கு வந்து நிப்பாங்க. சின்னவன் கடை கிடைன்னு ஆரம்பிச்சுக் கவுந்தான்னாலும் வீட்டுக்குத்தான் வருவாங்க. அக்கா பேர்ல இருந்தா எவனும் கிட்ட வர முடியாது பாரு." எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்காங்க. எந்தப் பழியும் வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு அக்காவை வாசல்ல நிறுத்தி வச்சிருந்தாங்க. அந்தப் பழி நேரா அக்காவையே தேடி வரும்னு ரெண்டு புத்திசாலிக்கும் தோணலை.

எனக்குக் கல்யாணம் ஆனப்போ முதல் மாடி கட்டினாங்க. அதுக்கு முறையா அனுமதி வாங்கியிருந்தாங்க. என்ஜினீயர் வரைபடம் போட்டாரு, ஆபீஸ்ல இருந்து வந்து பாத்தாங்க, எங்க பீம் வரணும், கம்பி எவ்வளவு தடிமன்னு எல்லாம் கேட்டாங்க. என் புருஷன் அலைஞ்சு அலைஞ்சு செருப்பு தேஞ்சு போச்சு. அந்த அலைச்சலைப் பாத்துட்டுத்தான் சின்னவர் தன் கல்யாணத்துக்கு மேல்மாடி எடுக்கும்போது அந்தப் பக்கமே போகலை.

"அண்ணன் பட்ட பாடு போதும். கட்டிட்டு அப்புறம் அபராதம் கட்டி சரி பண்ணிக்கலாம். இந்தத் தெருவுல எவன் அனுமதி வாங்கிக் கட்டியிருக்கான்?"

சின்னவர் டைல்ஸ் கடையில விற்பனையாளர். பேச ஆரம்பிச்சா செவுத்துக்கே டைல்ஸ் வித்துடுவாரு. மேஸ்திரியும் கூடவே தாளம் போட்டாரு. கீழ் மாடி கட்டின அதே மேஸ்திரிதான். "நம்ம கட்டின வீடு, நமக்குத் தெரியாதா சார்? மலை மாதிரி நிக்கும்"னு சொன்னாரு.

அக்கா ஒரு தடவை கேட்டாங்க. "அனுமதி வந்துடுச்சாடா?"

"வந்துட்டே இருக்கு அக்கா. நீ வந்து கல்லை வை."

அக்கா டியூட்டிக்குப் போற அவசரத்துல, தோள்ல பை, கையில சாப்பாட்டு டப்பாவோட மாடி ஏறினாங்க. டப்பாவை என் கையில குடுத்துட்டு ஒரு செங்கல்லை வச்சாங்க. சின்னவர் போட்டோ எடுத்தாரு. அதைப் பெருசாப் போட்டு, சட்டம் போட்டு, கீழ் ஹால்ல மாட்டினாரு. அக்கா அதுல கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கிட்டு சிரிப்பாங்க. வெயில் நேரா முகத்துல.

மேல்மாடி முடிஞ்சு சின்னவர் குடித்தனம் வந்தாரு. ஹால் பிரமாதமா இருந்துச்சு, அதை நான் இல்லைன்னு சொல்லலை. கடையில மிச்சமான நல்ல டைல்ஸா பொறுக்கிப் போட்டிருந்தாரு. கல்யாண மண்டபம்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவர் பொண்ணு தவழ்ந்து, நடந்து, பந்து விளையாடற வயசுக்கு வந்தா. அந்த ஹால்ல பந்தை எங்க உருட்டினாலும் ஒரு சுவர் ஓரத்துக்குத்தான் போய் நிக்கும். சுவத்துக்கு இந்தப் பக்கம் உருட்டினாலும் சரி, அந்தப் பக்கம் ரூம்ல இருந்து உருட்டினாலும் சரி, அந்தச் சுவரடிதான். குழந்தை ஒவ்வொரு தடவையும் கை தட்டும். நாங்களும் சிரிப்போம். "பந்துக்கு அந்தச் சுவத்து மேல காதல்"னு என் ஓரகத்தி சொல்வா.

அந்தச் சுவத்துக்கு நேர் கீழ, முதல் மாடியிலதான் எங்க படுக்கையறை. என் ரெண்டு புள்ளைங்களும் படுக்கற கட்டில் அங்கதான் கிடந்துச்சு. கட்டிலுக்கு மேல கூரையில ஒரு விரிசல் விழுந்துச்சு. நான் சொன்னேன். சின்னவர் பட்டி மாவும் பிரஷ்ஷும் எடுத்துட்டு வந்து, "பூச்சு விரிசல் அண்ணி, எல்லா வீட்டுலயும் வரும்"னு அடைச்சுப் பெயின்ட் அடிச்சுட்டுப் போனாரு. மறுபடி வந்துச்சு. மறுபடி அடிச்சாரு. ஒரு தடவை மிச்சம் இருந்த பெயின்ட்ல என் புள்ளைங்களுக்கு நிலாவும் நட்சத்திரமும் வரைஞ்சுட்டுப் போனாரு. விரிசலை மறைக்கத்தான். புள்ளைங்களுக்குச் சித்தப்பா மேல அப்படி ஒரு பாசம்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் மேல்மாடி சமையலறை ஜன்னல் மேல இருந்த சன்ஷேடு பேந்து பக்கத்துச் சந்துல விழுந்துச்சு. பக்கத்து வீட்டு வாத்தியாரோட சைக்கிள் அப்பளமா நொறுங்கிப் போச்சு. அவர் அப்பத்தான் சைக்கிளை நிறுத்திட்டு உள்ள போயிருந்தாராம். நல்ல மனுஷன், கத்தலை. நேரா கட்டட ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டாரு. "வயித்தெரிச்சல் பிடிச்ச ஆளு"ன்னு சின்னவர் குதிச்சாரு. சந்துல நின்னிருந்தது சைக்கிளா இல்லாம வாத்தியாரா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ தெரியலை.

ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வந்தாங்க. சாயங்காலம் வந்ததால எல்லாரும் வீட்டுல இருந்தோம். மேல போனாங்க, சுத்திப் பாத்தாங்க, அளந்தாங்க. கீழ் ஹாலுக்கு வந்து உக்காந்து கேட்டாங்க. "வீட்டு ஓனர் யாரு?"

அந்த நேரம் பாத்துத்தான் அக்கா டியூட்டி முடிஞ்சு உள்ள வந்தாங்க. செருப்பைக்கூட கழட்டலை. "என் பேர்லதாங்க இருக்கு."

"மேல்மாடிக்கு அனுமதி எங்க?"

அக்கா தம்பியைப் பாத்தாங்க. சின்னவர் போனை எடுத்துப் பாத்தாரு. என் புருஷன் தரையில எதையோ தேடற மாதிரி குனிஞ்சு நின்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல அவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கலாம்னு இருந்துச்சு.

"யார் கட்டினது?"ன்னு மேடம் கேட்டாங்க. சின்னவர் இன்னும் போனைத்தான் பாத்துட்டிருந்தாரு. மேடம் செவுத்துல போட்டோவைப் பாத்தாங்க. மேல்மாடி, செங்கல், அக்கா, அந்தச் சிரிப்பு. "நீங்கதானேம்மா ஆரம்பிச்சு வச்சிருக்கீங்க? படமே மாட்டியிருக்கே."

அக்கா, "ஆமாங்க"ன்னாங்க.

மேடம் ஒண்ணும் மோசமானவங்க இல்லை. நிதானமா விளக்கிச் சொன்னாங்க. அனுமதி இல்லாம கட்டினா முதல் பொறுப்பு யார் பேர்ல வீடு இருக்கோ அவங்களுக்கு. கட்டச் சொன்னவங்களையும், கட்டின மேஸ்திரியையும் சேக்கலாம், ஆனா யாருன்னு சொல்லணும். கட்டடம் பலமா இருக்குன்னு என்ஜினீயர் சான்றிதழும், ஓனர் உறுதிமொழியும் குடுத்தா அபராதத்தோட முறைப்படுத்தறதைப் பத்தி யோசிப்பாங்க. இல்லைன்னா நாமளே இடிக்கணும். நாம இடிக்கலைன்னா அவங்க இடிச்சுட்டு செலவை நம்ம தலையில கட்டுவாங்க. "இதுக்கு நடுவுல இடிஞ்சு விழுந்து யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா அது வேற கேஸ். அதுல அபராதம் இல்லை, சிறைதான்." அக்கா ரிட்டயர் ஆக அதிக காலம் இல்லை. அப்படி ஒரு கேஸ் விழுந்தா பென்ஷனும் கோவிந்தா. அக்கா தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாங்க. மேடத்துக்குத் தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க.

நாலஞ்சு நாள்ல சின்னவர் எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தாரு. எங்கயோ ஒரு என்ஜினீயரைப் பிடிச்சு சான்றிதழ் வாங்கியாச்சு. அந்த ஆள் எங்க தெருவுல காலே வைக்கலை. உறுதிமொழியும் டைப் அடிச்சாச்சு. மேல்மாடி என் மேற்பார்வையில கட்டப்பட்டது, பலமா இருக்கு, இதனால எந்தச் சேதம் வந்தாலும் நானே முழுப் பொறுப்புன்னு. கீழ அக்கா கையெழுத்துப் போட இடம் விட்டிருந்துச்சு. பேனாவைத் திறந்து கையில குடுத்தாரு.

"வழக்கமான கையெழுத்துதான் அக்கா. இதைப் போட்டா வீடு தப்பிச்சுது. போடலைன்னா நானும் பொண்டாட்டி புள்ளையும் நடுத்தெருவுலதான்."

என் ஓரகத்தி குழந்தையைத் தூக்கிட்டு வந்து அக்கா மடியில விட்டா. அழுத்தி ஒரு வார்த்தை சொல்லலை, ஆனா விட்டா. அக்காவுக்கு அந்தக் குழந்தைன்னா உசிரு. சின்னவரையே வளத்தவங்க, அவர் புள்ளையை விடுவாங்களா? எனக்குத் தெரிஞ்சு போச்சு, இப்ப "சரி" வரப் போகுது.

இங்க அக்கா வேலையைப் பத்திச் சொல்லணும், இல்லைன்னா நடந்தது உங்களுக்குப் புரியாது. ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாத்தையும் கழுவி, துணியில கட்டி, பெரிய ஆவி மெஷின்ல வேக வைக்கிற ரூம்ல அவங்களுக்கு வேலை. ஒவ்வொரு கட்டு மேலயும் ஒரு டேப் ஒட்டுவாங்க. அதுல கட்டினவங்க கையெழுத்து இருக்கணும். உள்ள ஒரு சாமான் குறைஞ்சாலோ அழுக்கு இருந்தாலோ அந்தக் கையெழுத்துக்காரங்களைத்தான் கூப்பிடுவாங்க. ஒரு தடவை அக்கா கண்ணாடியை வீட்டுலயே மறந்துட்டாங்கன்னு நான் கொண்டு போயிருந்தேன். வாசல்ல நிக்கறப்போ ஒரு நர்ஸ் ஓடி வந்தா. முந்தின ஷிஃப்ட்ல கட்டின கட்டு, கையெழுத்து விட்டுப் போச்சு, டாக்டர் கத்தறாரு, நீங்க போட்டுக் குடுங்க, உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்குன்னா. அக்கா ஒரே வெட்டுல அந்தக் கட்டைப் பிரிச்சுட்டாங்க. "வேற கட்டு எடுத்துட்டுப் போ. உள்ள பாக்காம நான் போட மாட்டேன்." அந்த நர்ஸ் கண்ணு கலங்கிட்டா. அக்கா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

"அப்புறம் எதுக்குக்கா வீண் வேலை?"ன்னு நான் கேட்டேன்.

"பாத்தப்புறம்தானே சரின்னு தெரிஞ்சுது?"

நான் அன்னைக்கு அசந்து போய் வீடு வந்தேன். ஆஸ்பத்திரியில இப்படி இருக்கற மனுஷி வீட்டுல தம்பிங்க நீட்டின இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டாங்க. தம்பிங்களை யாராவது பிரிச்சுப் பாப்பாங்களா?

குழந்தை அக்கா கையில இருந்த பேனாவைப் பிடுங்கப் பாத்துச்சு. அக்கா பேனாவை மூடினாங்க.

"உள்ள பாக்கணும்டா."

சின்னவருக்குப் புரியலை. "எதை?"

"கட்டடத்தை. பலமா இருக்குன்னு என் பேர்ல எழுதியிருக்க. நான் பாக்கலையே. மேஸ்திரியை வரச் சொல்லு. பூச்சை உடைச்சுக் காட்டட்டும். பாத்துட்டுப் போடறேன்."

சின்னவர் சிரிச்சாரு, கெஞ்சினாரு, அப்புறம் கத்தினாரு. புது பெயின்ட், புது டைல்ஸ், என்ஜினீயரே சொல்லிட்டாரு, உனக்கென்ன தெரியும்னு. என் புருஷனும், "அக்கா, சின்னவன் சொல்றான்ல"ன்னு ஒத்து ஊதினாரு. அக்கா குரலே உயத்தலை. "பாத்துட்டுப் போடறேன்"னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. ஆனா அந்தக் குஷி எத்தனை நேரம் நிலைச்சுது?

ஞாயித்துக்கிழமை காலையில மேஸ்திரி வந்தாரு. சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டு மேல்மாடி ஹாலைச் சுத்திச் சுத்தி வந்தாரே தவிர எங்கயும் தட்டலை. அக்கா பொறுமையா நின்னாங்க. குழந்தை பந்தை உருட்டுச்சு. பந்து போய் அந்தச் சுவரடியில நின்னுச்சு. எப்பவும் போல குழந்தை கை தட்டுச்சு. மேஸ்திரி அந்தப் பந்தையே பாத்துட்டு நின்னாரு. முகம் கறுத்துப் போச்சு.

"எப்பவும் அங்கதான் போகுமா?"ன்னு கேட்டாரு.

"எப்பவும்"னு என் ஓரகத்தி சிரிச்சுக்கிட்டே சொன்னா. வேற யாரும் சிரிக்கலை.

மேஸ்திரி சுத்தியலைக் கீழ வச்சுட்டாரு. "அம்மா, உங்ககிட்ட மறைக்கலை. கீழ் மாடியில சுவர் எங்க இருக்கோ அதுக்கு நேர் மேலதான் மேல் சுவர் வரணும். அங்கதான் பாரத்தைத் தாங்கற பீம் இருக்கு. உங்க தம்பிதான், ஹால் பெருசா வேணும், சுவரைத் தள்ளிப் போடுங்கன்னாரு. தள்ளிப் போட்டேன். இந்தச் சுவத்துக்குக் கீழ பீம் கிடையாது. வெறும் தளத்து மேல நிக்குது. தளம் தொங்க ஆரம்பிச்சிருக்கு."

"இதை அப்பவே ஏன் சொல்லலை?"

"வரைபடம்னு ஒண்ணு போட்டிருந்தா என்ஜினீயர் விட்டிருக்க மாட்டாரு. கேக்க ஆளில்லை. நானும் தாங்கும்னு நினைச்சுட்டேன்."

எல்லாரும் எங்க படுக்கையறைக்கு இறங்கி வந்தோம். அக்கா கட்டிலை நகத்தச் சொன்னாங்க. மேஸ்திரி நிலாவும் நட்சத்திரமும் இருந்த இடத்துல தட்டினாரு. பெருசா தட்டக்கூட இல்லை. பூச்சு பாளம் பாளமா விழுந்துச்சு. உள்ள கம்பி துருப் பிடிச்சு, கீழ வளைஞ்சு தெரிஞ்சுது. என் புள்ளைங்க தலை வைக்கற இடத்துக்கு நேர் மேல. என்ன பேசினேன்னு எனக்கு நினைவில்லை. சின்னவரைப் பாத்து வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேனாம், அப்புறம் என் புருஷன் சொன்னாரு. சொல்லியிருப்பேன்.

அக்கா தலைகாணி, போர்வை, புள்ளைங்க பை எல்லாத்தையும் அவங்களே சுருட்டி எடுத்துட்டுப் போய் தன் ரூம்ல போட்டாங்க. மேல்மாடியில இனிமே யாரும் இருக்கக் கூடாதுன்னாங்க. திரும்பி வந்து அந்த உறுதிமொழித் தாளை சின்னவர் கையில குடுத்தாங்க. கையெழுத்து இடம் வெறுமையா இருந்துச்சு.

"இடிச்சுடலாம்டா."

"யார் வீட்டை யார் இடிக்கறது?" சின்னவர் தொண்டை கிழியக் கத்தினாரு. "நான் கட்டினது! என் சம்பளம், என் உழைப்பு! உன் பேர் மட்டும்தான் இதுல இருக்கு, தெரிஞ்சுக்கோ!"

அக்கா முகம் அப்படிச் சிவந்து நான் பாத்ததே இல்லை.

"ஜெயிலுக்குப் போறதுன்னா என் வீடு, இடிக்கறதுன்னா உன் வீடா?"

அவ்வளவுதான். சின்னவர் அன்னைக்கே பொண்டாட்டி புள்ளையோட மாமனார் வீட்டுக்குக் கிளம்பிட்டாரு. வாசல்ல நின்னு, "இனிமே எனக்கு அக்கா இல்லை"ன்னு தெரு கேக்கச் சொல்லிட்டுப் போனாரு. குழந்தை ஆட்டோவுல இருந்து அக்கா அக்கான்னு கையை நீட்டுச்சு. அக்கா கதவுக்குப் பின்னாலதான் நின்னாங்க, வெளிய வரலை. வந்திருந்தா இடிக்கற எண்ணமே போயிருக்கும்னு அப்புறம் ஒரு நாள் என்கிட்ட சொன்னாங்க.

ஆபீஸுக்கு நாங்க மூணு பேர் போனோம். அக்கா, என் புருஷன், நான். நானே இடிக்கிறேன்னு அக்கா எழுதிக் குடுத்தாங்க. மேடம் வாங்கிப் பாத்துட்டு, "நல்லதும்மா. அனுமதி இல்லாம கட்டினதுக்கு வழக்கு இருக்கும். கட்டினது நீங்கன்னே போட்டுக்கவா?"ன்னாங்க. நான் மனசுக்குள்ள, தலையை ஆட்டிடாதீங்கக்கான்னு வேண்டிக்கிட்டேன். தம்பிக்காகத் தலையைக் குடுக்கற பழக்கம் அவங்களுக்கு ரத்தத்துல ஊறினது.

அக்கா சொன்னாங்க. "கட்டினது என் தம்பிங்க ரெண்டு பேரும். சின்னவன் கட்டச் சொன்னான், பெரியவன் அனுமதி இல்லைன்னு தெரிஞ்சே கூட நின்னு பணம் போட்டான். மேஸ்திரி வேலை பாத்தாரு. முதல் கல்லு நான் வச்சேன். அனுமதி வந்துடுச்சான்னு ஒரு தடவை கேட்டேன், ரெண்டாவது தடவை கேக்கலை. எல்லாரையும் எழுதிக்கோங்க."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. சின்னவர் பேரைச் சொல்லுவாங்களான்னுதான் நான் துடிச்சேனே தவிர, என் புருஷன் பேரும் அந்த வாயில இருந்து வரும்னு நினைக்கவே இல்லை. "அக்கா!"ன்னு அவங்க கையைப் பிடிச்சேன். அவங்க என்னைப் பாத்தாங்க. கோபமும் இல்லை, மன்னிப்பு கேக்கற பார்வையும் இல்லை. நான் கையை எடுத்துட்டேன். என்ன நியாயம் பேசறது? என் புருஷனை மேடம் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அவர் தாளை முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் படிச்சாரு. அவர் எதையும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டு நான் பாத்தது அதுதான் முதல் தடவை.

வழக்கு நடந்துச்சு, எல்லாருக்கும் அபராதம் விழுந்துச்சு. மேஸ்திரி கொஞ்ச காலம் புதுக் கட்டட வேலை எடுக்க முடியாமப் போச்சு. அக்காவை ஆஸ்பத்திரியில விளக்கம் கேட்டாங்க, கண்டிச்சு எழுதி விட்டுட்டாங்க. வாத்தியாருக்கு அக்காவே போய் சைக்கிள் வாங்கிக் குடுத்தாங்க. சின்னவர் கோர்ட்டுக்கு வந்தா அக்கா இருக்கற பக்கமே திரும்ப மாட்டாரு. அக்கா ஒவ்வொரு தடவையும் அவருக்கும் சேத்து டப்பாவுல சாப்பாடு கட்டுவாங்க. அது அப்படியே திரும்பி வரும். நான்தான் வீணாக்க வேண்டாம்னு சாப்பிடுவேன்.

இடிக்கற வேலை ஆரம்பிச்சப்போ மேலே இருந்து வரிசை வரிசையா எடுத்தாங்க. சின்னவர் தன்னோட கதவு, ஜன்னல், உடையாத டைல்ஸ் எல்லாத்தையும் எடுத்துக்க வண்டியோட வந்தாரு. என்கிட்ட பேசலை, மேல போனாரு. இறங்கி வரும்போது மேஸ்திரி அவரை எங்க படுக்கையறைக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. சுவரை எடுத்தப்புறம் மிச்சப் பூச்சையும் தட்டியிருந்தாங்க. தளத்துல பாதி கையோட வந்துடுச்சு. ஓட்டை வழியா வானம் தெரிஞ்சுது. கீழ தரையில கட்டில் கால் நாலும் நின்ன தடம் அப்படியே இருந்துச்சு. பக்கத்துல ஒரு பாளம் கிடந்துச்சு. அதுல பாதி நட்சத்திரம்.

சின்னவர் அந்தத் தடத்தையும் மேலயும் மாத்தி மாத்திப் பாத்தாரு. ரொம்ப நேரம் வெளிய வரலை. நான் சமையலறையில இருந்து எட்டிப் பாத்தேன். கட்டில் கிடந்த இடத்துல குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு. வண்டிக்காரர் கீழ இருந்து ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு.

அக்கா டியூட்டி முடிஞ்சு வந்தாங்க. மாடிப் படியில சின்னவர் செருப்பைப் பாத்தாங்க. கை கழுவிட்டு ஒரு தட்டுல சாப்பாட்டைப் போட்டு எடுத்துட்டு மேல வந்தாங்க. தூசியும் ஜல்லியும் கிடந்த அந்தத் தரையிலயே தம்பிக்கு எதிர்ல உக்காந்து தட்டை முன்னால வச்சாங்க.

"சாப்பிடு."

சின்னவர் தட்டைத் தொடலை. "அக்கா... அன்னைக்கு அந்தத் தாள்ல நீ கையெழுத்துப் போட்டிருந்தா..."

"போட்டிருந்தா என்னை ஜெயில்ல வந்து பாத்திருப்ப." அக்கா கட்டில் தடத்தைப் பாத்தாங்க. "புள்ளைங்களை எங்கடா போய்ப் பாத்திருப்ப?"

சின்னவர் சின்னக் குழந்தை மாதிரி வாய் விட்டு அழுதாரு. அக்கா அவர் தலைமுடியில ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டி விட்டாங்க. அப்புறம் சோத்தைப் பிசைஞ்சு அவர் வாயில ஊட்டினாங்க.